விஞ்ஞான முகாமையும் கூட்டு முயற்சியும்: ரெயிலரின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

பிறெடெரிக் வின்சுலோ ரெயிலர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1911 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘விஞ்ஞான முகாமையின் தத்துவங்கள்’ என்னும் நூல் பக்க அளவிற் சிறியது, நடையால் எளியது. இரும்பு சுமப்பவனைப் பற்றியும், சவள் கொண்டு நிலக்கரி அள்ளுபவனைப் பற்றியும், செங்கல் அடுக்குபவனைப் பற்றியும் கதை சொல்வது போலச் சொல்லிச் செல்லும் அந்நூல், இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலையை உருவாக்கிய நூல்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. திட்டமிடுவோர் ஒரு பக்கமும், அத்திட்டத்தின்படி செய்வோர் மறு பக்கமுமாகப் பிரிந்து இயங்கும் அலுவலகம் எதுவாயினும் அதன் அமைப்பிலே ரெயிலரின் கை இருக்கிறது. அவருடைய பெயரையே கேட்டிராதவர்களும் அவர் வகுத்த வழியிலே நடக்கின்றனர். ஆதலின் அந்நூலைப் பழம்பொருளெனக் கருதி ஒதுக்கிவிடுதல் இயலாது. அது கூறுவது யாது, கூறாது விடுவது யாது, ‘ஒத்துழைப்பு’ என்று அது திரும்பத் திரும்ப வழங்கும் சொல்லுக்கு அந்நூலிலே உண்மையாக அமைந்த பொருள் யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

ரெயிலர் 1856 இல் பிலடெல்பியாவிலே வசதி படைத்த குடும்பத்திற் பிறந்தவர். ஹாவாட் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலே தேறியும், கண்பார்வைக் குறைவினால் அங்கே செல்லாது, பட்டறையிலே தொழில் பயிலச் சென்றார். 1878 இல் மிட்வேல் உருக்காலையிலே சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து, சில ஆண்டுகளுள் இயந்திரப் பகுதியின் மேற்பார்வையாளராகவும், பின்னர்த் தலைமைப் பொறியியலாளராகவும் உயர்ந்தார். தொழிலாளரோடு தோளுரசி நின்று வேலை செய்தவராதலின், மேலதிகாரிகளின் கண்ணுக்குப் புலப்படாத ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. தொழிலாளர் தம்மாற் செய்ய இயன்றதிலும் மிகக் குறைவாகவே செய்தனர். அதனையும் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்டே செய்தனர்.

இதனைச் சோம்பல் என்று ஒரு சொல்லிலே முடித்துவிடாமை ரெயிலரின் பெருமை. உருப்படிக் கணக்கிற் கூலி பெறும் ஒருவன் முயன்று கூடுதலாகச் செய்து கூடுதலாகப் பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதனைக் கண்ட முதலாளி, உருப்படி ஒன்றுக்குரிய கூலியைக் குறைத்துவிடுகிறான். பின்னர் முந்திய கூலியைப் பெறுவதற்கே முன்னிலும் அதிகமாக உழைக்க வேண்டியதாகிறது. ஒருமுறை இருமுறை இவ்வாறு பட்டறிந்தவன் தன் முழு ஆற்றலையும் முதலாளிக்குக் காட்டமாட்டான்; புதிதாக வந்து வேகம் காட்டுபவனையும் தடுத்து வைப்பான். தொழிலாளி மெல்ல வேலை செய்வது அறியாமையால் அன்று, அறிவினாலேயே என்பதை ரெயிலர் ஒளிக்காது எழுதினார். நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம்.

நோயை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர் மருந்து சொல்லும்போது வேறு வழியிலே திரும்பிவிடுகிறார். வகுத்த கூலி விகிதத்தைப் பின்னர்க் குறைத்தலாகாது என்று அவரும் வற்புறுத்தியதுண்டு. எனினும் அவருடைய நோக்கிலே தீமையின் வேர், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதைத் தொழிலாளி அறிவான், முகாமையாளன் அறியான் என்னும் நிலையேயாம். ஆதலின் அவ்வறிவைத் தொழிலாளியிடமிருந்து எடுத்து முகாமையாளனிடம் சேர்ப்பித்தல் வேண்டும். அதற்குரிய கருவி நிறுத்தற் கடிகாரம். வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பகுத்து, ஒவ்வோர் அசைவுக்கும் செல்லும் நேரத்தை அளந்து, வேண்டாத அசைவுகளை நீக்கி, எஞ்சியவற்றைக் கூட்டினால் நியாயமான ‘ஒரு நாள் வேலை’ எவ்வளவு என்பது வெளிப்படும்; அது வெளிப்பட்டால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பேரம் பேசுதற்கோ பிணங்குதற்கோ இடமே இராது என்பது அவர் துணிபு.

இலங்கையிலே இவ்வினா புத்தகத்தில் மட்டும் உள்ளதன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே குறித்த நிறைக் கொழுந்து பறித்தவருக்கே முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர். 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா எனச் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டபோது, அத்தொகைக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதே அடுத்த பிணக்காக எழுந்தது. ஒரு நாள் வேலையின் அளவைக் கணக்கினாலே தீர்த்துவிடலாம், அதிலே வழக்குக்கு இடமில்லை என்று ரெயிலர் நம்பியது எவ்வளவு பொருந்தும் என்பதற்குத் தொலைவிலே சான்று தேட வேண்டுவதில்லை.

அவர் தம் நூலிலே காட்டும் தலையாய சான்று பெத்லகேம் உருக்குக் கம்பனியிலே நிகழ்ந்தது. 1898 முதல் 1901 வரை அவர் அங்கே பணியாற்றினார். ஆலையை அடுத்த வெளியிலே 80,000 தொன் வார்ப்பிரும்புக் கட்டிகள் விலைபோகாது குவிந்து கிடந்தன. ஸ்பானிய அமெரிக்கப் போரினால் விலை ஏறவே அவை விற்கப்பட்டன. கட்டி ஒன்று ஏறத்தாழ 92 இறாத்தல் நிறையுடையது. அதனைக் குனிந்து எடுத்து, சாய்வான பலகை வழியே ஏறி, புகையிரதப் பெட்டியிலே போடுவதே வேலை. ஏறத்தாழ 75 பேர் கொண்ட கூட்டத்திலே ஒருவன் நாளொன்றுக்குச் சராசரி 12½ தொன் ஏற்றிக்கொண்டிருந்தான். தகுதியுள்ள ஒருவன் 47½ தொன் ஏற்றுதல் கூடும் என்று ரெயிலர் கணித்தார். அதனை மெய்ப்பிக்க அவர் தேர்ந்தெடுத்தவனை நூலிலே ஷ்மிற் என்னும் பெயரால் அழைக்கிறார்.

நூல் முழுவதிலும் உயிருள்ள காட்சியென ஒன்றைச் சொல்வதானால், அது ஷ்மிற்றோடு நிகழ்ந்ததாக எழுதப்பட்ட உரையாடலேயாம். அவன் உயர்ந்த சம்பளத்துக்குரிய மனிதன்தானா என்று மீண்டும் மீண்டும் அவனிடம் வினவப்படுகிறது. அவன் கொச்சை ஆங்கிலத்திலே தடுமாறித் தடுமாறி விடை சொல்கிறான். அப்படிப்பட்ட மனிதனாயின், மறுநாட் காலை முதல் மாலை வரை ஒருவர் எடுக்கச் சொன்னபோது எடுக்கவும், நடக்கச் சொன்னபோது நடக்கவும், இருக்கச் சொன்னபோது இருக்கவும், எதிர்வார்த்தை பேசாதிருக்கவும் வேண்டுமென்று அவனுக்கு உணர்த்தப்படுகிறது. பேச்சுக் கடுமையானது என்பதை ரெயிலரே ஒத்துக்கொண்டு, மந்த புத்தியுடைய ஒருவனிடம் இவ்வாறு பேசுவதே பொருத்தமென அமைதி கூறுகிறார். பிறிதோரிடத்திலே இவ்வேலைக்கு ஏற்றவனை எருதுக்கு ஒப்பிடுகிறார்.

ஆனால் அதே நூல் அதே மனிதனைப் பற்றிச் சற்று முன்னர்ச் சொல்வது வேறு. அவன் சிறிய காணித் துண்டு ஒன்றை வாங்கியிருந்தான். காலையிலே வேலைக்குப் போகுமுன்னும் மாலையிலே வேலை முடிந்த பின்னும் அக்காணியிலே தன் கையாலேயே வீட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். காசைக் கண்ணும் கருத்துமாகப் போற்றுபவன் என்று பெயரெடுத்திருந்தான். பத்து மணி நேரம் இரும்பு சுமந்த பின்னும் ஓட்டமாக வீடு திரும்பியவனும் அவனே. காணி வாங்கி, பொருள் சேர்த்து, சுவருக்கு அளவு பார்த்து, நாளின் இரு முனைகளையும் தன் வீட்டுக்கு ஒதுக்கிக்கொண்ட ஒருவனுக்குத் திட்டமிடத் தெரியாது என்று எங்ஙனம் கொள்வது? தேர்ந்தெடுப்பதற்கு ஒரு ஷ்மிற், ஆணையிடுவதற்கு வேறொரு ஷ்மிற் என இருவரை வைத்துக்கொண்டு, தமக்கு வேண்டியபோது வேண்டியவனை ரெயிலர் வெளியே கொணர்கிறார். நூலின் வாதம் இரண்டாம் ஷ்மிற்றின் மீதே நிற்கிறது. இரும்பு சுமத்தலுக்கும் ஒரு விஞ்ஞானம் உண்டு, அதனைச் சுமப்பவன் அறியமாட்டான், ஆதலாற் பிறர் அவனுக்காகச் சிந்தித்தல் வேண்டும் என்பதே அவ்வாதம்.

கணக்கையும் நோக்குதல் தகும். ஷ்மிற் முன்னர் நாளொன்றுக்கு 1.15 டொலர் பெற்றான், பின்னர் 1.85 டொலர் பெற்றான். கூலி ஏறத்தாழ 60 வீதம் உயர, வேலை நான்கு மடங்கை அண்மியது. ஒரு தொன் ஏற்றுவதற்கு 9.2 சதமாக இருந்த கூலிச் செலவு 3.9 சதமாக இறங்கியது. இதற்கு மேலும் கூலியை உயர்த்தினால் என்ன என்னும் ஐயம் ரெயிலருக்கும் எழுந்திருக்க வேண்டும். 60 வீதத்துக்கு மிக அதிகமாகக் கொடுத்தால் தொழிலாளர் ஒழுங்காக வேலைக்கு வராது ஊதாரிகளாகிவிடுவர் என்று எழுதுகிறார். மிகைப் பொருள் முதலாளிமாரை அவ்வாறு கெடுக்குமா என்பதை அவர் ஆராயவில்லை.

47½ தொன் என்னும் எண்ணின் பிறப்பு வரலாறு வேறு. 1974 இல் சாள்ஸ் றெகி, அமெதியோ பெறோனி என்னும் இரு ஆய்வாளர், பெத்லகேமில் அவ்வேலையை நேரிலே நடத்திய பொறியியலாளரின் அறிக்கை முதலிய மூல ஆவணங்களை நூலோடு ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டனர். ஷ்மிற் எனப்பட்டவனின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். அவன் பெருமளவு இரும்பு ஏற்றியதும் உண்மை. ஆனால் நூலிலே சொல்லப்படும் கதையிற் பலவும் ஆவணங்களோடு பொருந்தவில்லை. வலிமை மிக்க சிலர் சிறிது நேரம் மிக விரைவாகச் செய்த வேலையை அளந்து, அவ்வேகத்தை முழு நாளுக்கும் விரித்து, பின் ஓய்வுக்கும் தடைகளுக்குமென 40 வீதத்தைக் கழித்துக்கொண்டே நாள் அளவு வகுக்கப்பட்டது. அந்த 40 வீதத்துக்கு ஆதாரம் மதிப்பீடன்றி வேறில்லை. புதிய கூலி முறையின்படி வேலை செய்ய மறுத்தவர்கள் நீக்கப்பட்டனர். விஞ்ஞானம் என்ற பெயரோடு வந்த எண்ணின் நடுவிலே ஒரு குத்துமதிப்பு ஒளிந்திருந்தது. எட்டுப் பேரில் ஒருவனே இவ்வளவு செய்ய வல்லவன் என்பதை ரெயிலரே நூலிற் குறிப்பிடுகிறார். ஏனைய எழுவர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டனர் என்று சொல்லி அப்பாற் போய்விடுகிறார்.

இனி ‘ஒத்துழைப்பு’ என்னும் சொல்லுக்கு வருவோம். பிணக்கை விட்டு இணக்கமும், தனிப்போக்கை விட்டு ஒத்துழைப்பும் வேண்டுமென்று நூல் முழங்குகிறது. ஆயினும் அவ்வொத்துழைப்பைப் பெறும் வழியைச் சொல்லும் முக்கியமான ஓரிடத்திலே, முறைகளை ஒரே தரமாக்குதலும் கருவிகளை ஏற்கச் செய்தலும் போலவே ஒத்துழைப்பும் வலிந்து பெறப்படுவது என்றும், அதனை வலிந்து பெறும் கடமை முகாமைக்கு மட்டுமே உரியது என்றும் ரெயிலர் அழுத்தந்திருத்தமாக எழுதுகிறார். வலிந்து பெறும் ஒத்துழைப்புக்குத் தமிழிலே கீழ்ப்படிதல் என்று வேறு பெயர் உண்டு. இச்சொல் தவறிப் புகுந்தது என்று கொள்ளவும் இயலாது. அவர் நடைமுறைப்படுத்திய ஒழுங்குகள் அனைத்தும் அதனோடு பொருந்துகின்றன. பெத்லகேமிலே நால்வருக்கு மேற்பட்டோர் கூட்டமாகச் சேர்ந்து வேலை செய்வதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. கூட்டமாகச் செய்யின் எல்லோருடைய வேலையும் கடையனுடைய அளவுக்கு இறங்கிவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காலையிலே ஒவ்வொருவனுக்கும் முதல்நாள் வேலைபற்றிய தனித்தனிச் சீட்டு. வெள்ளைச் சீட்டானால் நன்று, மஞ்சட் சீட்டானால் அவன் தவறிவிட்டான். தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எவ்வித உறவையும் வேண்டாது, ஒவ்வொருவனையும் திட்டமிடும் அறையோடு மட்டும் தனி நூலாற் பிணைப்பதே அவர் அமைத்த ஒழுங்கு. 1903 இல் வெளியான ‘பட்டறை முகாமை’ என்னும் முந்திய நூலிலே, முன்பு ஒரே மேற்பார்வையாளர் செய்த பணியை எண்மருக்குப் பகிர்ந்து, நால்வரைத் திட்டமிடும் அறையிலும் நால்வரைப் பட்டறையிலும் நிறுத்துகிறார். ஒருவன் இரும்பைக் கடைவதற்கு எட்டுப் பேர் மேலாள்! கூட்டு முயற்சி என்று இதனைச் சொல்வதானால், அக்கூட்டு மேலாட்களிடையே அமைந்த கூட்டேயன்றிச் செய்வோரிடையே அமைந்ததன்று.

தமிழ் மேடைகளிலே முகாமைத்துவம் பற்றிய பேச்சு எழுந்தால் திருக்குறட் பொருட்பாலும் உடனெழுவது வழக்கம். தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தைக் காட்டி, மேனாட்டார் இன்று சொல்வதை வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார் என்று பெருமிதம் கொள்வாரும் உளர். அவ்வதிகாரம் அரசனையும் அவன் வினை செய்வாரையும் பற்றியது. இரும்பு சுமப்போரைப் பற்றியதன்று. அதனை விட்டு நோக்கினும் ஒப்புமை பாதிவழியிலே நின்றுவிடுகிறது. வினையையும் அதற்குரிய கருவியையும் செய்து முடிக்க வல்லவனையும் ஆராய்ந்து பொருத்துதல் வேண்டும் என்பதில் இருவரும் உடன்படுவர். ஆராய்ந்து தெரிந்தபின் வினையை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது வள்ளுவர் அடுத்து வைக்கும் விதி. ரெயிலரோ ஆராய்ந்து தெரிந்த பின்னர்த்தான் அவனை ஒரு கணமும் தன்போக்கில் விடலாகாது என்கிறார். வள்ளுவரை ரெயிலருக்கு முன்னோடியாக்குதல் இருவருக்கும் நீதியாகாது.

குறைகளை மட்டும் சொல்லி நிறுத்துதல் முறையன்று. ஒரே சவளாலே இலேசான நிலக்கரியையும் கனத்த இரும்புத் தாதையும் அள்ளியவர்களைக் கண்டு, ஒரு வீச்சுக்கு 21 இறாத்தலே தக்க சுமை எனச் சோதித்தறிந்து, பொருளுக்கேற்ற வேறு வேறு சவள்களைக் கம்பனிச் செலவிலேயே கொடுத்தவர் ரெயிலர். சுமப்பவனுக்கு நாளின் பெரும்பகுதி சுமையின்றி இருக்க வேண்டும், ஓய்வு என்பது சோம்பலன்று, வேலையின் ஒரு கூறே என்பதையும் அவரே வற்புறுத்தினார். அவர் எடுத்துக்காட்டும் பிறாங் கில்பிறெத் செங்கல் அடுக்குவதில் 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்தார். கல்லையும் சாந்தையும் குனியாது எடுக்கும் உயரத்திலே வைக்கச் செய்தார். முதுகெலும்புள்ள எவரும் இதற்கு நன்றி பாராட்டுவர். உழைப்பை ஆராய்தல் தவறு என்று சொல்வாரும் இலர். 1914 இல் ரெயிலரின் முறையை மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவது எனக் கண்டித்த லெனினே 1918 இல் அதனை உருசியாவிலே பயின்று மேற்கொள்ள வேண்டுமென்றார். ஆராய்ச்சியின் பயனை மறுப்பதற்கில்லை. ஆராயும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே வினா.

அவ்வினாவைத் தொழிலாளர் விரைவிலேயே எழுப்பினர். நூல் வெளிவந்த 1911 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, மசசூசெற்சு மாநிலத்து வோட்டர்ரவுன் அரசாங்க ஆயுதசாலையிலே வார்ப்புத் தொழிலாளர், தம்முள் ஒருவனை நிறுத்தற் கடிகாரத்தால் அளக்க முற்பட்டமை பொறாது வேலையை விட்டு வெளியேறினர். காங்கிரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது; 1912 இல் ரெயிலர் அதன்முன் தோன்றிச் சாட்சியம் அளித்தார். 1915 முதல் இராணுவத்துக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களிலே நிறுத்தற் கடிகார அளவீட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது; அத்தகைய தடைகள் 1949 வரை நீடித்தன. ரெயிலர் 1915 இலேயே காலமானார்.

சிகாகோவை அடுத்த ஹோதோண் தொழிற்சாலையிலே 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் ரெயிலருக்கு மறுப்பாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவன. வெளிச்சம், ஓய்வு, கூலி ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து, இறுதியிலே குழுவுணர்வே உற்பத்தியை உயர்த்துவது என்று எல்ரன் மேயோ முதலியோர் முடிவு கூறினர். அம்முடிவு கூறப்பட்ட அளவுக்கு உறுதியானதன்று. ஆய்வுக்குட்பட்ட பெண்கள் ஐவருள் ஒத்துவராத இருவரை இடையிலே மாற்றிவிட்டனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அங்கே கருதத்தக்கது வேறொன்று. 1931, 1932 இல் ஆடவர் 14 பேர் வேலை செய்த கம்பியிணைப்பு அறையிலே, ஒரு நாள் வேலை எவ்வளவு என்பதை அவர்களே தமக்குள் வகுத்து வைத்திருந்தனர். மிகைபடச் செய்தவனும் குறைபடச் செய்தவனும் கூட்டாளிகளின் கேலிக்கும் குத்துக்கும் ஆளாயினர். அரை நூற்றாண்டுக்கு முன் மிட்வேலிலே ரெயிலர் கண்ட அதே காட்சி! திட்டமிடுதலைத் தொழிலாளியிடமிருந்து எடுத்துவிட்டதாக முகாமை எண்ணிக்கொண்டிருக்க, அவர்கள் தம் திட்டத்தைத் தாமே வகுத்துக்கொண்டு தற்காப்புக்காக அதனைக் காத்துவந்தனர்.

அத்திறமையைத் தற்காப்பிலிருந்து ஆக்கத்துக்குத் திருப்புதல் இயலுமா என்பதற்கு ஒரு பெரிய சோதனை கலிபோர்னியாவிலுள்ள பிறீமொன்ற் நகரிலே நடந்தது. அங்கே ஜெனரல் மோட்டோர்ஸ் நடத்திய கார்த் தொழிற்சாலை, வேலைநிறுத்தங்களுக்கும் முறைப்பாடுகளுக்கும் பெயர் போனது. தொழிலாளரில் 20 வீதம் அளவினர் வேலைக்கு வராதிருந்த நாட்களும் உண்டு. 1982 இல் அது மூடப்பட்டது. 1984 இல் அதே கட்டடத்திலே ஜெனரல் மோட்டோர்ஸும் யப்பானிய ரொயோட்டாக் கம்பனியும் கூட்டாக, நியூமி எனச் சுருக்கி வழங்கப்பட்ட புதிய நிறுவனத்தைத் தொடங்கின. நடத்தும் பொறுப்பு ரொயோட்டாவுக்கு. தொழிற்சங்கம் பழையதே, வேலைக்கு எடுக்கப்பட்டோரிலும் மிகப் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே. 1986 முடிவிலே உற்பத்தித் திறன் பழைய ஆலையினதைப் போல ஏறத்தாழ இருமடங்காயிற்று. வேலைக்கு வராமை 3, 4 வீதமாகக் குறைந்தது.

நிகழ்ந்தது யாதென ஆராய்ந்த போல் அட்லர் என்னும் அறிஞர் 1993 இல் எழுதிய கட்டுரை, ரெயிலரை வெறுப்போருக்கும் போற்றுவோருக்கும் ஒருங்கே வியப்பளிப்பது. நியூமியிலே நிறுத்தற் கடிகாரம் ஒழியவில்லை. முன்னிலும் அதிகமாகப் பயன்பட்டது. வேலை அசைவு அசைவாகப் பகுக்கப்பட்டது. செய்யும் முறை எழுத்திலே வரையறுக்கப்பட்டது. எல்லோரும் அம்முறையையே பின்பற்றினர். இவ்வளவும் ரெயிலர் சொன்னவையே. ஆனால் கடிகாரத்தைப் பிடித்தவர் திட்டமிடும் அறையிலிருந்து வந்த பொறியியலாளர் அல்லர். ஐந்தாறு பேர் கொண்ட குழுவினர் தாமே ஒருவரையொருவர் அளந்தனர். எது பாதுகாப்பானது, எது எளியது, எது விரைவானது என்று தமக்குள் வாதித்தனர். அதே இடத்திலே மற்றை நேரமுறையில் வேலை செய்யும் குழுவோடு ஒப்பிட்டு ஒரு முறையை எழுதி வைத்தனர். அதனிற் சிறந்ததை நாளை ஒருவன் கண்டால் எழுதியதை மாற்றலாம். பழைய ஆலையிலும் பொறியியலாளர் வகுத்த முறைகள் தாளிலே இருந்தன. அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. தாம் எழுதியதைத் தாமே பின்பற்றுவதில் மனிதனுக்குள்ள மனநிலை வேறு. பிழை கண்ட எவனும் தலைக்கு மேலே செல்லும் கயிற்றை இழுத்து, வேண்டின் வரிசை முழுவதையும் நிறுத்தலாம் என்னும் ஏற்பாடும் அங்கே இருந்தது. பிழையை முதலிற் காண்பவன் செய்பவனே என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. 1980 களின் பிற்பகுதியிலே கார் விற்பனை தளர்ந்தபோது நியூமி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. வேலை குறைந்த நேரத்தைப் பயிற்சிக்கும் முறைகளைத் திருத்துவதற்கும் பயன்படுத்திற்று. இங்கேயே மிட்வேற் பட்டறைக்காரனின் அச்சத்துக்கு விடை இருக்கிறது. தன் வேலையை விரைவாகச் செய்யும் வழியைத் தானே கண்டு சொன்னால் தனக்கு அல்லது அருகில் நிற்பவனுக்கு வேலை போய்விடும் என்று அஞ்சுபவன் ஒருகாலும் அவ்வழியைச் சொல்லான். கூட்டங்கள் கூட்டி, வட்டமேசையிட்டு, சுவரிலே வாசகங்கள் எழுதி ஒத்துழைப்பை வளர்க்க முயலும் நிறுவனங்கள் பல இவ்வச்சத்தைத் தொடாமலே விட்டுவிடுகின்றன. இதைத் தொடாத எந்த ஏற்பாடும் கம்பியிணைப்பு அறையிலேயே போய் முடியும்.

நியூமியைப் பொன்னுலகமாகக் காட்டுதலும் பொருந்தாது. 1988 இல் மைக் பாக்கர், ஜேன் சிலோற்றர் என்னும் தொழிற்சங்க எழுத்தாளர் இருவர் இம்முறையை அழுத்தத்தால் நடத்தும் முகாமை எனக் கண்டித்தனர். ஆட்கள் ஒட்டக் கணக்கிடப்படுவதால் ஒருவன் வராவிட்டால் அவன் சுமை கூட்டாளிகளின் தலையிலே விழுகிறது. முன்னர் மேற்பார்வையாளர் செய்த கண்காணிப்பைக் கூட்டாளிகளே செய்யத் தொடங்குகின்றனர் என்பது அவர் வாதம். இது எளிதிலே தள்ளக்கூடியதன்று. செய்யும் முறையைக் குழு தீர்மானித்தது உண்மை. வரிசையின் வேகத்தையும் ஆட்டொகையையும் தீர்மானித்தது குழு அன்று. 2009 இல் முறிவடைந்த ஜெனரல் மோட்டோர்ஸ் கூட்டிலிருந்து விலக, 2010 ஏப்பிரலிலே அத்தொழிற்சாலை மூடப்பட்டபோதும் தொழிலாளரின் கருத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. எனினும் ரெயிலரின் நூலோடு ஒப்பிடுங்கால் ஒன்று ஐயமறப் புலப்படுகிறது. ஷ்மிற்றுக்குச் சிந்திக்கத் தெரியாது என்னும் அந்நூலின் அடிப்படை பிழை. பிறீமொன்றிலே அதே மனிதர், பெரும்பாலும் அதே சங்கம், அதே கட்டடம். மாறியது கடிகாரத்தைப் பிடித்த கை.

இன்று அக்கடிகாரம் எவர் கையிலும் இல்லாதது போலத் தோன்றுகிறது. பெரிய பண்டகசாலைகளிலே தொழிலாளி கையில் வைத்திருக்கும் கருவியே அவன் எடுத்த பொருள்களை எண்ணுகிறது. இரண்டு பொருள்களுக்கிடையே கழிந்த நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. மஞ்சட் சீட்டும் வெள்ளைச் சீட்டும் மறுநாட் காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியா மாநிலம் 2021 இல் இயற்றி 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், பண்டகசாலைத் தொழிலாளிக்கு விதிக்கப்படும் வேலை அளவு இன்னதென அவனுக்கு எழுத்திலே அறிவிக்கப்படல் வேண்டும் என்கிறது. உணவு வேளையையும் ஓய்வு வேளையையும் விழுங்கும் அளவை விதித்தலாகாது என்றும் தடுக்கிறது. அவ்வளவை வகுக்கும் இடத்திலே அவனுக்கும் பங்கு உண்டா என்பது பற்றி அச்சட்டம் எதுவும் கூறவில்லை.